அடையாள அட்டை இல்லாதவருக்கும் ஒரு நாற்காலி

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' பட்டியலை எடுத்துப் பாருங்கள். தலைப்பு இருக்கும். பேச்சாளரின் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டங்கள் இருக்கும். தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றியுரை என்று ஐந்தாறு பெயர்கள் வரும். நாளும் நேரமும் வந்து, கடைசியில் 'இடம்: கருத்தரங்கக் கூடம். அனைவரும் வருக' என்று முடியும்.

அந்த 'அனைவரில்' ஒருவர், பல்கலைக்கழகத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதவர், இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எழும் கேள்விகளே வேறு. வளாகத்துக்கு நான்கு வாயில்கள் இருந்தால் எதில் நுழைவது? அடையாள அட்டை கேட்பார்களா? அந்தக் கூடம் எந்தக் கட்டடத்தில், எத்தனையாவது மாடியில் இருக்கிறது? பேச்சு எந்த மொழியில்? எத்தனை மணிக்கு முடியும்? இந்தத் துறையைப் படிக்காத எனக்குப் புரியுமா? ஒன்றுக்கும் அறிவிப்பில் பதில் இல்லை. அவர் வரமாட்டார். துறை மாணவர்கள் மட்டும் வருகைப்பதிவுக்காக வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பொதுச் சொற்பொழிவானாலும் பயிலரங்கானாலும் கலை நிகழ்ச்சியானாலும், நடத்துபவர்கள் ஒவ்வொரு முடிவையும் இந்த வெளியாளின் நாற்காலியில் உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. தேதி, மைக், ஸ்லைடு எழுத்தின் அளவு, கேள்வி நேரம் எல்லாமே அங்கிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும். துறைக்குள்ளேயே நடக்கும் கருத்தரங்கில் பல குறைகள் வெளியே தெரியாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். விட்டுப்போனதை அவர்களாகவே நிரப்பிக்கொள்வார்கள். வெளியாளுக்கு அந்த வசதி கிடையாது.

இது புதிய எண்ணமும் இல்லை. லண்டனின் கிரெஷாம் கல்லூரி 1597 முதல் பொதுமக்களுக்குக் கட்டணமின்றிச் சொற்பொழிவுகள் நடத்திவருகிறது. ஜெர்மானிய இயற்கை அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1827 நவம்பரில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இயற்கை உலகம் பற்றிப் பேசத் தொடங்கியபோது கூட்டம் தாங்கவில்லை. அடுத்த மாதமே சிங்ககடமி என்ற இசை அரங்கில் பொதுமக்களுக்காகத் தனியாக இன்னொரு வரிசையையும் ஆரம்பித்தார். அங்கே பெண்கள் திரளாக வந்து கேட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் மாணவியராகச் சேர அன்று அவர்களுக்கு வழியில்லை. சேர்க்கைப் பட்டியலில் இடம் இல்லாதவர்களுக்கு அறிவு போய்ச்சேர்ந்த கதவு பொதுச் சொற்பொழிவுதான். அந்தக் கதவைத் திறந்துவைக்கும் வேலை பெரும்பாலும் சின்னச் சின்ன ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.

தேதியும் அறிவிப்பும்

எட்டு வாரம் முன்னால் பேச்சாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் 'வருகிறேன்' என்றது போதாது. நாள், தொடங்கும் நேரம், பேச வேண்டிய நிமிடங்கள், கேட்போர் யார் என்ற நான்கும் மின்னஞ்சலில் போக வேண்டும். ஆறு வாரம் முன்னால் அரங்கைப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்பே தேர்வு அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். நிகழ்ச்சி அரங்குகள் தேர்வுக் கூடங்களாக மாறுவதும், மாறியது நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னால்தான் தெரியவருவதும் பல வளாகங்களில் நடக்கிறது. அதே மாலையில் வேறு துறை ஏதாவது வைத்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு நல்ல உரைகள் இருந்தால் இரண்டு அரங்குகளும் பாதி காலியாக இருக்கும்.

ஒப்புதல் வந்ததும் பேச்சாளரிடமிருந்து வாங்க வேண்டியவை சில உண்டு. துறை சாராதவருக்குப் புரியும்படி நூறு சொல்லில் உரையின் சுருக்கம், இரண்டே வரியில் அறிமுகம், படம், பதிவுசெய்து வெளியிடச் சம்மதமா என்பது, ஸ்லைடு உண்டா, அதில் ஒலியோ காணொளியோ இருக்கிறதா என்பது. சுருக்கம் ஆய்விதழ் நடையில் வந்தால் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். 'இந்த உரையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் எந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு போவார்?' என்று கேட்டு எழுதினால் பெரும்பாலானவர்கள் நல்ல சுருக்கமாக எழுதித் தருவார்கள். தலைப்புக்கும் அதே அளவுகோல்தான். 'கடலோர நிலத்தடி நீரில் உப்புத்தன்மையின் இடம்சார் மாறுபாடுகள்: ஒரு பகுப்பாய்வு' என்றால் நிபுணர்கள் வருவார்கள். 'கடலோரக் கிணறுகள் ஏன் உப்பாகின்றன?' என்றால் கிணறு வைத்திருப்பவரும் வருவார்.

மூன்று வாரம் முன்னால் அறிவிப்பு வெளியாக வேண்டும். அதற்கும் முன்னதாக வந்தால் மறந்துபோகும். பின்னால் வந்தால் வேறு வேலை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல், முதல் நாள் இன்னொன்று. அறிவிப்பில் கிழமையையும் தேதியையும் சேர்த்தே போடுங்கள். போட்ட பிறகு இரண்டும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை வைத்துச் சரிபாருங்கள். பழைய அறிவிப்பின் மேல் புதியதைத் தட்டச்சு செய்யும்போது தேதி மாறும், கிழமை மாறாது. அதைப் பார்க்கும் வெளியாள் எதை நம்புவார்? அவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் கிடையாது.

அழைப்பிதழை அழகான படமாக மட்டும் வெளியிடுவது இன்னொரு வழக்கமான தவறு. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பல நேரம் கண்டுகொள்வதில்லை. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிப்பதில்லை. கைப்பேசியில் பெரிதாக்கினால் கலங்கிப்போகிறது. படம் இருக்கட்டும், அதற்குக் கீழே அதே விவரங்கள் எழுத்தாகவும் இருக்க வேண்டும். வாயில், கட்டடம், மாடி, மின்தூக்கி உண்டா, வாகனம் நிறுத்துமிடம், அனுமதிக்கு எதைக் காட்ட வேண்டும், முடியும் நேரம், தொடர்புக்கு ஓர் எண் என்று எல்லாவற்றையும் எட்டு வரிக்குள் சொல்லிவிடலாம். முடியும் நேரத்தை எழுதுவதில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கும், வீட்டில் குழந்தையை விட்டுவருபவருக்கும் வருவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது.

அறிவிப்பு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அரங்கு மாறினால் அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே 'இடம் மாற்றம்' என்று போட்டுப் புதிய இடத்தை எழுதுங்கள். புதிய சுவரொட்டி ஒன்றைச் செய்து தனியே அனுப்பினால் பழையதும் புதியதும் ஒருசேரச் சுற்றிக்கொண்டிருக்கும். மாறிய அன்று பழைய அரங்கின் வாசலில் ஒருவரை நிறுத்துவதும் கட்டாயம். வாசலில் ஒட்டிய தாளைப் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

முன்பதிவு பற்றி ஒரு வார்த்தை. கட்டணமில்லாத நிகழ்ச்சிக்குப் பதிந்தவர்களில் கணிசமானவர்கள் வரமாட்டார்கள். சொற்பொழிவுக்கு அதனால் இருக்கைகளைவிடச் சற்று அதிகமாகவே பதிவு ஏற்கலாம், அதிகமாக வந்துவிட்டால் போட மடக்கு நாற்காலிகள் தயாராக இருக்கிற வரையில். அரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது பெருமைக்காகப் பெரிதை எடுக்காதீர்கள். 80 பேரை 100 இருக்கை கொண்ட கூடத்தில் உட்காரவைத்தால் பேச்சாளருக்கு முகங்கள் தெரியும், கேள்விகள் எழும். அதே 80 பேர் 400 இருக்கை அரங்கில் பின்வரிசைகளில் சிதறி உட்கார்ந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஒலி

ஒரு பொதுச் சொற்பொழிவு தோற்பதற்கு முதல் காரணம் எதுவென்று கேட்டால் ஒலி என்பேன். பேச்சாளர் சுமாராக இருந்தாலும் கேட்போர் பொறுத்துக்கொள்வார்கள். காதில் விழாத பேச்சை யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் பொறுப்பதில்லை.

அரங்க ஒலியியல் ஓர் அறிவியலாக உருவானதே ஒரு பல்கலைக்கழக விரிவுரைக் கூடம் கெட்டுப்போனதால்தான். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகத் திறந்த ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் கூடத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. சொன்ன சொல் ஏறத்தாழ ஐந்தரை விநாடி சுவர்களுக்கிடையே முழங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பேசுபவர் ஒரு முழு வாக்கியம் சொல்லியிருப்பார். சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் வந்தது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து ஒவ்வொன்றாகப் பரப்பினார். முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று காதாலும் கடிகாரத்தாலும் அளந்தார். அதிலிருந்து வந்த வாய்ப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கூடத்தின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்தால் முழக்க நேரம் விநாடியில் கிடைக்கும். பேச்சுக்கு அது ஒரு விநாடியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் நல்லது.

இதைக் கணக்குப் போடாமலும் பார்க்கலாம். காலியான கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். சத்தம் உடனே அடங்கினால் கவலையில்லை. 'ஙொய்ங்' என்று இழுத்துக்கொண்டே போனால் திரைச்சீலைகளை இழுத்து மூடுங்கள், தரைவிரிப்பு இருந்தால் விரியுங்கள், கேட்போரை முன்வரிசைகளில் நெருக்கி உட்காரவையுங்கள். முழங்கும் கூடத்தில் ஒலியைக் கூட்டுவது பயன் தராது. பேச்சு கூடும்போது முழக்கமும் சேர்ந்தே கூடும். ஒலிபெருக்கிகளைக் கேட்போருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சத்தத்தைக் குறைப்பதுதான் வழி. பேச்சாளரிடம் நிதானமாகப் பேசும்படி சொல்லிவையுங்கள். மனித உடலும் உடையும் ஒலியை நன்றாக உறிஞ்சும் என்பதால் கூட்டம் நிரம்பினால் நிலைமை ஓரளவு மேம்படும், ஒலி அளவும் சற்றுத் தாழும். காலிக் கூடத்தில் வைத்த அளவை நிகழ்ச்சி தொடங்கிய முதல் நிமிடத்தில் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் மிக்ஸரில் ஆள் இல்லாவிட்டால் அதை யார் செய்வது?

மைக் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அதன் விலையைவிட முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு வரும் ஒலி 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட ஒலியை ஏற்றினால் மைக் கூவும். கையில் பிடிக்கும் மைக் வாயிலிருந்து ஒரு கைமுஷ்டி தூரத்தில், உதடுகளை நோக்கி இருக்க வேண்டும். நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுபவர்களை முன்வரிசையிலிருந்து சைகை காட்டித் திருத்தலாம். காலர் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நடுவில் இருக்கட்டும். ஒரு பக்கமாகக் குத்தினால் பேச்சாளர் மறுபக்கம் திரும்பித் திரையைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சு காணாமல் போகும். துணி மடிப்போ சங்கிலியோ உரசினால் அந்தக் கரகரப்பு அரங்கம் முழுவதும் கேட்கும். ஒலிபெருக்கிகள் எப்போதும் பேச்சாளருக்கு முன்னால், கேட்போரை நோக்கி நிற்க வேண்டும். பேச்சாளர் அவற்றைக் கடந்து முன்னால் நடந்துவந்தால் கூவல் உறுதி. எதுவரை வரலாம் என்று தரையில் ஒரு நாடா ஒட்டிவையுங்கள். கார்ட்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரி போடுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பக்கத்து அரங்கிலும் அதே வகை மைக் ஓடினால் அலைவரிசை மோதும். முன்கூட்டியே இரண்டையும் வேறு வேறு சேனலில் வையுங்கள்.

நீளமான கூடத்தில் பாதி தூரத்தில் இன்னொரு ஜோடி ஒலிபெருக்கி வைப்பதுண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 20 மீட்டர் பின்னால் வைத்த பெட்டிக்கு மின்கம்பி வழியே பேச்சு உடனே வந்துவிடும். மேடைப் பெட்டியிலிருந்து காற்றின் வழியே வருவதற்கு 58 மில்லிவிநாடி ஆகும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரட்டையாக விழும். பின் பெட்டிக்கு அந்த 58-உடன் இன்னும் 10, 15 சேர்த்துத் தாமதம் கொடுத்துவிட்டால், முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது பிடித்துக்கொள்ளும். பேச்சு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் தம் ஆய்வேட்டில் விளக்கியது இது. இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டுவிட்டுப் பின்வரிசையில் எதிரொலி என்று சலித்துக்கொள்வதில் பொருளில்லை.

'எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்' என்று சொல்பவரிடம் பணிவாக, ஆனால் உறுதியாக மைக்கைக் கொடுங்கள். காது மந்தமானவர்கள் அதைச் சபையில் எழுந்து சொல்ல மாட்டார்கள். 'கேட்கிறதா?' என்றால் கேட்பவர்கள்தான் 'கேட்கிறது' என்பார்கள். கேட்காதவருக்கு அந்தக் கேள்வியே போய்ச் சேர்ந்திருக்காது. காணொளிப் பதிவிலும் இணையவழிக் கேட்போரிடமும் மைக் வழியாகப் பேசியது மட்டுமே போகும்.

திரை

ஸ்லைடில் தமிழ் எழுத்து உடைவது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. பேச்சாளரின் கணினியில் அழகாக இருந்த கோப்பு அரங்கின் கணினியில் கட்டங்களாகவும், கொம்பு ஒரு பக்கம் உயிர்மெய் ஒரு பக்கம் என்றும் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அத்தனையும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறும். இதற்கு மூன்று பாதுகாப்புகள் உண்டு. ஒருங்குறியில் (யூனிகோட்) மட்டும் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துச் சேமிக்கச் சொல்லுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பி.டி.எஃப் வடிவில் ஒரு நகலும் வாங்கி வையுங்கள். முதல் நாளே அரங்கின் கணினியில், அதே ப்ரொஜெக்டரில், கடைசி ஸ்லைடு வரை ஓட்டிப் பாருங்கள். காணொளி ஓடுகிறதா என்பதோடு அதன் ஒலி அரங்க ஒலிபெருக்கியில் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியிலேயே நின்றுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

கடைசி வரிசை திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருந்தால் எழுத்தைப் படிக்கலாம் என்பது அரங்க அமைப்பாளர்களின் பழைய கணக்கு. இரண்டு மீட்டர் உயரத் திரைக்கு 12 மீட்டர். இதை வீட்டிலேயே சோதிக்க முடியும். 14 அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் 17 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஸ்லைடை முழுத்திரையில் வைத்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி நின்று பார்த்தால் கடைசி வரிசையின் காட்சி அதுவேதான். ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவு தமிழுக்குப் போதாது. 'ணை', 'ஞு', 'ழூ' போன்ற எழுத்துகளின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். 28 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். கீழ் விளிம்பில் எதையும் எழுத வேண்டாம். தரை சரிவில்லாத கூடத்தில் அந்தப் பகுதியை முன்னால் இருப்பவரின் தலை மறைத்துவிடும்.

நேரமும் கேள்வியும்

ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் அறிமுகம் 5 நிமிடம், உரை 40, கேள்விகள் 15. இந்தக் கணக்கைக் குலைப்பவர் பெரும்பாலும் பேச்சாளர் இல்லை. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று முதல் 25 நிமிடம் போய்விடும். பேச்சாளர் அவசரமாக ஓட்டுவார். கேள்வி நேரம் 'நேரமின்மை காரணமாக' ரத்தாகும். வெளியாள் வந்ததே பேச்சைக் கேட்கவும் முடிந்தால் ஒன்றைக் கேட்டுத் தெளியவும்தான். முதலில் பலியாவது அவருடைய நேரம். மரியாதை செய்ய வேண்டியவர்களின் பெயர்களை ஒருவரே ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பேச்சாளரின் தன்விவரக் குறிப்பை வாசிக்காமல், இந்தத் தலைப்பில் பேச இவர் ஏன் பொருத்தமானவர் என்று நான்கு வாக்கியம் சொன்னால் போதும். முன்வரிசையில் ஒருவர் '10', '5', 'முடிக்கவும்' என்று மூன்று அட்டைகளை வைத்துக்கொண்டு உட்காரட்டும். அட்டை வரும் என்பதைப் பேச்சாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவரும் புண்பட மாட்டார்.

கேள்வி நேரத்தை நடத்தும் கலைக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1867-இல் வட இங்கிலாந்து நகரங்களில் பெண்களுக்கு வானியல் சொற்பொழிவுகள் ஆற்றினார். இளைஞர் ஒருவரிடம் பெண்கள் வாய்திறந்து கேள்வி கேட்பது அன்று முறையில்லை எனக் கருதப்பட்டதால், அச்சிட்ட குறிப்புகளையும் கேள்விகளையும் கொடுத்து விடைகளை எழுத்தில் வாங்கித் திருத்தி அனுப்பினார். ராச்டேல் நகரத் தொழிலாளர்களிடம் பேசியபோது ஒருநாள் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், வரைபடங்களை அடுத்த வாரம்வரை சுவரிலேயே தொங்கவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கூடத்தின் காவலாளி, படங்களை விட்டுப் போனது மிக நல்லதாயிற்று என்றார். தொழிலாளர்கள் அந்த வாரத்தில் படங்களைப் பார்த்துப் பேசியிருந்தார்கள். கேட்க நிறையக் கேள்விகளோடு உரைக்கு முன்னதாகவே வரவிருந்தார்கள். 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட வெளிக்கல்வித் திட்டத்தில் உரையோடு கலந்துரையாடல் வகுப்பும் சேர்ந்ததற்கு அந்தச் சுவர்ப்படங்களுக்கும் பங்குண்டு.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இன்றும் அப்படியே பொருந்தும். உரை முடிந்ததும் கரும்பலகையை அழிக்காதீர்கள். முக்கியமான வரைபடத்தைக் கடைசி ஸ்லைடாகத் திரையில் நிற்கவிடுங்கள். அந்த இடத்தில் 'நன்றி' என்ற சொல் பதினைந்து நிமிடம் ஒளிர்வதால் யாருக்கும் பயனில்லை. நுழையும்போதே ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்துவிட்டால் எழுந்து பேசக் கூச்சப்படுபவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். முதல் கேள்வியைத் துறைப் பேராசிரியருக்குக் கொடுக்காதீர்கள். பத்து நாடுகளில் 35 கல்வி நிறுவனங்களின் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல் கேள்வியை ஆண் கேட்டால் அதன்பின் பெண்கள் கேட்பது குறைகிறது என்று கண்டது. முதல் குரல் யாருடையதோ, அவரைப் போன்றவர்களுக்கே அந்த அரங்கு சொந்தம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சு முடிந்தவுடன் நான்கு விநாடி அமைதியைப் பார்த்துப் பயந்து 'கேள்விகள் இல்லையென்றால்' என்று தொடங்கிவிடவும் கூடாது. பத்து எண்ணுங்கள். யாராவது கை உயர்த்துவார்கள். அரங்கின் இரண்டு நடைபாதையிலும் ஒவ்வொருவர் மைக்கோடு நிற்கட்டும், மைக் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். கேட்பவர் கைக்கு மைக் போய்விட்டால் கேள்வி சொற்பொழிவாக மாறும்போது திரும்ப வாங்குவது கடினம்.

பயிலரங்கு

சொற்பொழிவில் ஒருவர் பின்தங்கினால் அவருக்கு மட்டும் நட்டம். பயிலரங்கில் ஒருவர் பின்தங்கினால் எல்லோரும் நிற்க வேண்டும். ஆகவே எண்ணிக்கையில் கண்டிப்பு வேண்டும். கைவேலை உள்ள எந்தப் பயிலரங்குக்கும் 20 முதல் 24 பேர், எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளர். இங்கே கூடுதலாகப் பதிவு ஏற்கக் கூடாது. காத்திருப்போர் பட்டியல் வைத்து, மூன்று நாள் முன்னால் ஒவ்வொருவரிடமும் வருவதை உறுதிசெய்து, வராதவர் இடத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள். கற்றுக்கொடுப்பவருக்குப் பத்து நிமிடம் ஆகும் வேலைக்குப் புதியவருக்கு முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று மணி நேரத்தில் மூன்று பயிற்சிகளுக்கு மேல் வைத்தால் மூன்றாவதை ஒருவரும் முடிக்க மாட்டார்கள். பேச்சு ஒரே மூச்சில் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பொருள்கள் தேவைப்படும் பயிலரங்கென்றால், புத்தகக் கட்டுமானமோ அச்செடுப்போ எதுவாயினும், பத்துக்கு இரண்டு வீதம் கூடுதலாக வாங்கிவையுங்கள். முதல் முயற்சியில் கிழிப்பதும் சிந்துவதும் கற்றலின் பகுதி. கிழித்தவரை வேடிக்கை பார்க்கவைக்கக் கூடாது.

கணினிப் பயிலரங்கில் கெடுவது பெரும்பாலும் முதல் அரைமணி நேரம். மென்பொருளை நிறுவும் வழியை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டு, நிறுவியதற்கு அடையாளமாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்லலாம். வளாக வைஃபைக்கு மாணவர் எண்ணும் கடவுச்சொல்லும் வேண்டும். வெளியாளிடம் இரண்டும் இருக்காது. விருந்தினர் கணக்குகளை முதல் நாளே வாங்கிச் சீட்டில் அச்சிட்டு மேசையில் வைத்துவிடுங்கள். எல்லாக் கோப்புகளும் நான்கு பென்டிரைவில் இருக்கட்டும். 24 பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்பை இறக்கினால் வைஃபை திணறும். 65 வாட் எடுக்கும் மடிக்கணினி 24 என்றால் மொத்தம் 1,560 வாட். ஒரு ஜங்ஷன் பாக்ஸில் இன்னொன்றை மாட்டி, அதில் இன்னொன்றை மாட்டிச் சங்கிலியாக நீட்டினால் கம்பி சூடாகும். சுவரின் வெவ்வேறு இணைப்புகளிலிருந்து பிரித்து எடுங்கள்.

ஆய்வாளர்களுக்குக் கணினித் திறன்களைக் கற்றுத்தரும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பயிலரங்குகளில் பின்பற்றும் வழக்கம் ஒன்று அருமையானது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஸ்டிக்கி நோட் கொடுக்கிறார்கள். முடித்தவர் பச்சையை மடிக்கணினியின் மேல் விளிம்பில் ஒட்டுவார், சிக்கிக்கொண்டவர் சிவப்பை. கையைத் தூக்கிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுப்பவரும் அறையை ஒரு பார்வை பார்த்துத் தொடரலாமா நிற்கலாமா என்று முடிவெடுப்பார். உதவிக்கு வருபவர் கற்பவரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனால் அடுத்த படியில் அதே இடத்தில் அவர் மறுபடி நிற்பார்.

கலை நிகழ்ச்சி

கலை நிகழ்ச்சியில் தாமதம் நிகழ்ச்சிகளுக்குள் வருவதில்லை, இடையில் வருகிறது. எட்டு நிகழ்ச்சிகளுக்கிடையே ஏழு இடைவெளி. ஒவ்வொன்றிலும் மைக் மாற்றி இடம் மாற்ற நான்கு நிமிடம் என்றால் 28 நிமிடம் கரையும். மேடை நிறைய ஆள்களும் கருவிகளும் வரும் நிகழ்ச்சிக்கு அடுத்ததாக, திரைக்கு முன்னால் ஒருவரோ இருவரோ செய்யக்கூடியதை வைத்தால் அந்த நேரத்தில் பின்னால் மேடை மாறிவிடும். ஒவ்வொரு குழுவிடமும் ஒரே ஒரு தாள் வாங்குங்கள்: யார் எங்கே நிற்பார், எத்தனை மைக், எந்தக் கருவி மிக்ஸரில் நேராக இணைய வேண்டும், விளக்கு எப்போது மாற வேண்டும். ஒத்திகையில் முழு ஆட்டத்தையும் ஆட வேண்டியதில்லை. தொடக்கம், விளக்கு மாறும் இடங்கள், முடிவு, மேடையை விட்டு இறங்குவது ஆகியவற்றை மட்டும் ஓட்டிப் பார்த்தால் இடையில் வரும் சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும். பின்னணி இசைக் கோப்புகள் அனைத்தையும் '01', '02' என்று எண்ணிட்டு ஒரே கணினியில் சேருங்கள். ஆளுக்கொரு கைப்பேசியிலிருந்து ஓட்டினால் நடனத்தின் நடுவே அழைப்பு வரும். கம்பிகளை நடைபாதைக்குக் குறுக்கே போடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் முழு நீளத்துக்கும் நாடா ஒட்டுங்கள். வெளியேறும் வழிகளில் கூடுதல் நாற்காலி போடுவதற்கு எந்த நெருக்கடியும் காரணமாகாது.

நேரலை செய்வதானால் மிக்ஸரிலிருந்து நேரடியாகக் கம்பி வழியே ஒலியை எடுங்கள். இணைய இணைப்பும் கம்பி வழியாக இருக்கட்டும். நல்ல தரமான காணொளிக்கு நொடிக்கு 5, 6 மெகாபிட் மேலேற்றம் ஓடும் என்பதால் 10 இருப்பது பாதுகாப்பு. பதிப்புரிமை உள்ள இசைப்பதிவு ஓடினால் காணொளித் தளங்கள் ஒலியை அடைத்துவிடவோ நேரலையையே நிறுத்திவிடவோ கூடும். அத்தகைய நிகழ்ச்சிகளை நேரலையில் சேர்ப்பதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். படம் பிடிக்கிறார்கள் என்பதை வாசலில் எழுதிவைத்து, படத்தில் வர விரும்பாதவர்களுக்கு ஒரு பக்க இருக்கைகளை ஒதுக்கிவிட்டால் பிரச்சினை வராது. சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தால் அவர்மேல் விளக்கு விழ வேண்டும், ஸ்லைடுக்காக அரங்கை இருட்டாக்கும்போதும்.

நிகழ்ச்சி நாளில் செய்ய வேண்டிய கடைசி வேலை, உண்மையில் முதலில் செய்ய வேண்டியது, வாயிலில் இருக்கிறது. காவலருக்கு நிகழ்ச்சியின் பெயர், அரங்கு, நேரம், 'அடையாள அட்டை இல்லாதவர்களையும் அனுமதிக்கவும்' என்ற குறிப்பு, அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைக் கையெழுத்திட்ட தாளில் கொடுங்கள். பணி மாறும் நேரத்தைக் கேட்டு அடுத்து வருபவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மாலை ஐந்தரை மணி நிகழ்ச்சிக்கு வருபவர்களைச் சந்திக்கப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாமவர்தான். வாயிலிலிருந்து அரங்குவரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அம்புக்குறி இருக்கட்டும். வளாகத்தை அறியாத ஒருவரை அழைத்து, அந்த அம்புகளை மட்டும் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே இன்னோர் அம்பு தேவை.